துயரிலும் தரம் உண்டோ?

ஆண்டு முடியும் தறுவாயில் குதிரைப் பந்தய இரசிகர்களிடையே ஒரு வழக்கம் உண்டு. கழிந்துபோன பந்தயப் பருவத்தில் தம் நெஞ்சில் நின்ற நிகழ்ச்சிகளுள் மிக இனியது எது, மிகக் கொடியது எது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வர். ஒவ்வொருவரும் ஒரு வெற்றியையும் ஒரு வீழ்ச்சியையும் எடுத்துச் சொல்வர். கேட்போர் தலையசைப்பர். பின்னர் அடுத்த பருவத்தின் எதிர்பார்ப்புகளைப் பற்றிப் பேச்சுத் திரும்பிவிடும்.

நமது நாட்டில் குதிரைப் பந்தயம் என்றதும் நினைவுக்கு வருவது சித்திரை மாதத்து நுவரெலியா; அதற்கு அடுத்தபடியாகப் பந்தயக் கடை. இங்கிலாந்திலே ஓடும் குதிரைகளின் பெயர்கள் அச்சிட்ட தாளை விரித்து வைத்துப் பென்சிலாற் குறியிட்டுக்கொண்டு, வெற்றிலை மென்றபடி நிற்கும் மனிதர்களை நகரங்களிற் காணாதார் இல்லை. அவர்களுக்குக் குதிரை ஓர் இலக்கம். அது கறுப்போ வெள்ளையோ, ஓடி முடித்ததும் உயிரோடு நின்றதோ இல்லையோ, அவர்கள் அறியார். நான் இங்கே பேச எடுத்துக்கொண்டது அவர்களைப் பற்றியன்று. குதிரையைக் குதிரையாகவே நேசிப்பவர்கள், அதன் தாய் தந்தையின் பெயரை அறிந்தவர்கள், அது விழுந்தால் உண்மையாகவே கண்ணீர் விடுபவர்கள் இருக்கிறார்கள் அல்லவா, அவர்களைப் பற்றியே பேச விரும்புகிறேன். சூதாடியைக் குற்றங் கூறுவது எளிது. நேசிப்பவனிடம் நேசத்தின் கணக்கைக் கேட்பதே கடினமானது.

நானும் அவர்களுள் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளாக அமெரிக்கப் பந்தயங்களைத் திரையிலே பார்த்து வருகிறேன். ஒரு சதமும் கட்டியவனல்லன். ஆயினும் அதனால் என் கை சுத்தமானது என்று கூறத் துணியேன்.

2023 ஆம் ஆண்டின் அமெரிக்கப் பருவத்தை எடுத்துக்கொள்கிறேன். இனிமையும் கொடுமையும் அவ்வளவு நெருங்கி நின்ற வேறொரு பருவத்தை நான் கண்டதில்லை.

இனியவற்றை முதலிற் சொல்வோம். மே 6 ஆந் திகதி, கெண்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில், சேர்ச்சில் டவுன்ஸ் திடலில், ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மக்கள் முன்னிலையில் 149 ஆவது கெண்டக்கி டேர்பி ஓடியது. வென்றது மேஜ் என்ற குதிரை. அதைப் பழக்கியவரும் அதன்மேல் அமர்ந்து ஓட்டியவரும் வெனிசுவேலா நாட்டினர். ஓட்டிய ஹாவியேர் கஸ்தெயானோ அதற்கு முன்னர் 15 முறை அப்பந்தயத்தில் ஓடித் தோற்றவர். அக்குதிரையின் சொந்தக்காரருள் ஐம்பது டொலர் கொடுத்துச் சிறு பங்கு வாங்கிய சில நூறு சாதாரண மனிதரும் இருந்தனர். அவர்கள் அன்று அடைந்த களிப்பை நாம் ஏளனஞ் செய்ய வேண்டியதில்லை.

ஜூன் 10 ஆந் திகதி நியூயோர்க்கில் நடந்த பெல்மொண்ட் பந்தயம் இதனினும் இனியது. அமெரிக்காவின் முப்பெரும் பந்தயங்கள் எனப்படுவனவற்றுள் மிகப் பழையது 1867 இல் தொடங்கியது. அன்று தொட்டு, ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக, அம்மூன்றனுள் ஒன்றையேனும் வென்ற குதிரையைப் பழக்கியவர் எவரும் பெண்ணாக இருந்ததில்லை. ஜெனா அன்ரனூச்சி என்ற பெண்மணி ஆர்க்காஞ்சலோ என்ற குதிரையைக்கொண்டு அன்று அந்த வேலியை உடைத்தார். அக்குதிரை 35,000 டொலருக்கு வாங்கப்பட்டது. பணமுதலைகள் குட்டி ஒன்றுக்கு இலட்சக்கணக்கிற் கொட்டும் ஒரு துறையில் அது மிகச் சிறிய தொகை. ஓட்டத்தின் கடைசிக் கட்டத்தில் அப்பெண் கூவியதையும் அழுததையும் நான் மீண்டும் மீண்டும் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது நிகழ்ச்சியைக் கதையாக எழுதி அனுப்பினால் எந்தப் பத்திராதிபரும் 'மிகை' என்று குறித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். 2018 இல் கெண்டக்கியிலுள்ள பண்ணையொன்றுக்குச் சிறுவன் ஒருவனை அழைத்து வந்தார்கள். அரியதொரு பிறவிக் குறைபாட்டினால் நடக்கவும் பேசவும் இயலாது சக்கர நாற்காலியில் வாழ்ந்தவன். சில மாதங்களே ஆன குட்டியொன்று தானாகவே அவனை அணுகி மடியிலே தலையை வைத்தது. அச்சிறுவன் பெயரால் அதற்குக் 'கோடிஸ் விஷ்', அதாவது கோடியின் விருப்பம், என்று பெயரிட்டனர். முதல் மூன்று ஓட்டங்களிலும் தோற்ற அக்குதிரை, அவன் வந்து பார்த்த அன்று முதன்முறையாக வென்றது. 2023 நவம்பர் 4 ஆந் திகதி, கலிபோர்ணியாவில் சாந்த அனிற்றா திடலில், தன் கடைசி ஓட்டத்தை மூக்கு நுனியளவு வித்தியாசத்தில் வென்றது. அவன் அங்கே இருந்தான். மறுநாள் வீடு திரும்பும் வழியில், 17 வயதில், இறந்துபோனான். அவ்வாண்டின் தலைசிறந்த குதிரை என்ற விருது அதற்கே கிடைத்தது.

இனிக் கொடியவை. ஓகஸ்ட் 5 ஆந் திகதி, நியூயோர்க் மாநிலத்து சரற்றோகாவில், மூன்று வயதுப் பெண்குதிரைகளுக்கான பெரும் பந்தயம் ஒன்று. மேப்பிள் லீவ் மெல் என்ற சாம்பல் நிறக் குதிரை. ஓடிய ஐந்திலும் வென்றது. புற்றுநோயிலிருந்து மீண்டு வந்த, அந்த லாயத்திலேயே பணிபுரிந்த ஒரு பெண்ணின் பெயர் அதற்கு இடப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் முந்தி வந்தது. முடிவுக்கோட்டுக்குச் சில பாய்ச்சல்களே எஞ்சியிருந்தன. முன்னங்கால் முறிந்து வீழ்ந்தது. அடுத்து வந்த குதிரை வென்றதாக அறிவித்தார்கள். அதனுடையவர்கள் என்ன செய்வதென்று அறியாது நின்றனர். திடலில் வேலையாட்கள் திரையொன்றைப் பிடித்து மறைத்தார்கள். அத்திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது அங்கிருந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். மக்கள் திரளொன்று ஒரே நொடியில் ஊமையாவதைக் கேட்டவர்கள் அதை மறக்கமாட்டார்கள்.

மூன்று வாரங்கள் கழித்து, ஓகஸ்ட் 26 ஆந் திகதி, அதே திடலில், அதே தூர ஓட்டத்தில், தோல்வியே அறியாத நியூயோர்க் தண்டர் என்ற குதிரை, அதேபோல முன்னணியில் வந்து, ஏறக்குறைய அதே இடத்தில் வீழ்ந்து மாண்டது. அன்று பிற்பகலிலேயே ஆர்க்காஞ்சலோ ட்றவேர்ஸ் என்ற பெரும் பந்தயத்தையும் வென்றது. ஒரே சனக்கூட்டம் ஒரே பிற்பகலில் இரண்டையும் கண்டது. அழுது ஓய்ந்த கண்களைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்று ஆரவாரித்தது.

இவற்றை இனியது, கொடியது என இரு பத்திகளாகப் பிரித்து எழுதும்போதுதான் நாம் முதலாவது பிழையைச் செய்கிறோம் என்று நினைக்கிறேன். இனியதற்குக் காரணம் திறமை, உழைப்பு, அன்பு என்கிறோம். கொடியதற்குக் காரணம் கேட்டால் விதி, கெட்ட காலம், விபத்து என்கிறோம். வெற்றிக்கு மனிதரையும் வீழ்ச்சிக்கு வானத்தையும் பொறுப்பாக்கும் இவ்வழக்கம் குதிரைப் பந்தயத்துக்கு மட்டும் உரியதன்று என்பதை வாசகர் அறிவர்.

ஆனால் எலும்பு வேறு கதை சொல்லுகிறது. ஐந்நூறு கிலோவை நெருங்கும் உடலைக் குதிரை தாங்குவது மிக மெல்லிய கால்களில். முழங்காலுக்குக் கீழே தசை என்பது இல்லை. எலும்பும் நரம்புநாரும் தோலுமே உண்டு. உச்ச வேகத்தில் ஒரு கணம் முழுப் பாரமும் ஒற்றைக் காலில் இறங்குகிறது. ஒவ்வொரு பெரும் ஓட்டத்திலும் எலும்பினுள்ளே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் உண்டாகின்றன. ஓய்வு கிடைத்தால் உடல் அவற்றைத் தானே செப்பனிட்டு முன்னையினும் உறுதியாக்கிக்கொள்ளும். செப்பனிடும் வேகத்தினும் சேதமாகும் வேகம் மிஞ்சினால் ஒருநாள் முறியும். முறிந்தபின் காப்பாற்றுவதும் அரிது. குதிரை நெடுநாள் படுத்திருக்க இயலாத பிராணி. முறிந்த காலைத் தூக்கி வைத்தால் மற்றக் காலின் குளம்பு பாரம் தாங்காது உள்ளே சிதையத் தொடங்கும். 2006 இல் டேர்பியை வென்ற பார்பரோ, இரண்டே வாரத்தில் அடுத்த பெரும் பந்தயத்திற் கால் முறிந்து, எட்டு மாத வைத்தியத்தின் பின் 2007 சனவரியில் இவ்வாறே கைவிடப்பட்டது. கலிபோர்ணியாவில் 1990 முதல் பந்தயத் திடல்களில் இறந்த குதிரைகளின் உடல்களை அறுத்துப் பரிசோதித்து வருகிறார்கள். முறிந்த எலும்புகளில் மிகப் பெரும்பாலானவற்றில், முறிந்த அதே இடத்தில், பழைய சேதத்தின் அடையாளம் இருந்தது.

ஆகவே இத்தகைய வீழ்ச்சிகளிற் பெரும்பாலானவை திடீரெனப் பிறந்தவை அல்ல. நாம் கைதட்டிய ஒவ்வொரு வெற்றியின்போதும் எலும்பினுள்ளே அவை சிறிது சிறிதாக வளர்ந்துகொண்டிருந்தன. இனிய நினைவையும் கொடிய நினைவையும் ஒரே வேகம்தான் பெற்றெடுத்தது.

இவ்வளவோடு என் சிந்தனை நின்றிருக்கும். என்னை அதற்கப்பாற் தள்ளியவன் ஒரு மாணவன். ஒருநாள் பாடம் முடிந்த வேளையில் உயர்தர வகுப்பிலே மேற்சொன்ன கதைகளைக் கூறிக்கொண்டிருந்தேன். கோடிஸ் விஷ் கதைக்கு வகுப்பு உருகியது. சரற்றோகாக் கதைக்கு அமைதியாயிற்று. பின்வாங்கிலிருந்து ஒருவன், "சேர், அந்த வருசம் விழுந்த மற்றக் குதிரையளுக்கும் பேர் இருந்ததோ?" என்று கேட்டான். கிண்டலாகக் கேட்டானா, உண்மையாகக் கேட்டானா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. எப்படியாயினும் என்னிடம் விடை இருக்கவில்லை.

அன்றிரவு தேடினேன். மேஜ் வென்ற அதே சேர்ச்சில் டவுன்ஸ் திடலில், ஏப்பிரல் 27 ஆந் திகதிக்கும் மே 27 ஆந் திகதிக்கும் இடைப்பட்ட ஒரு மாத காலத்தில், பன்னிரண்டு குதிரைகள் இறந்திருந்தன. ஏழு, டேர்பி நாள் முடிவதற்குள். அந்த ஏழில் இரண்டு, டேர்பி அன்றே, அப்பெரும் பந்தயத்துக்கு முன்னோடிய ஓட்டங்களில். பன்னிரண்டு என்ற எண்ணை நான் அறிந்திருந்தேன். எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. ஒரு பெயர்கூட என் நினைவில் இருக்கவில்லை. இங்கே எழுதுகிறேன்: வைல்ட் ஒன் ஐஸ், பேரன்ட்ஸ் பிறைட், கோட் ஒவ் கிங்ஸ், டேக் சார்ஜ் பிரியானா, சேசிங் ஆர்ட்டி, குளோயிஸ் ட்ரீம், பிரீசிங் பொயின்ட், பொஸ்கே ரெடொண்டோ, ரியோ மூன், சுவான்சன் லேக், லொஸ்ட் இன் லிம்போ, கிம்பர்லி ட்ரீம். பெரும்பாலானவை கால் முறிந்தவை. இரண்டு, ஓடியபின் திடீரெனச் சரிந்து மாண்டவை. ஒன்று, ஓட்டம் தொடங்குமுன்னரே மிரண்டு பின்புறமாகக் கவிழ்ந்து விழுந்தது. லொஸ்ட் இன் லிம்போ என்றால் எங்கும் சேராத இடைவெளியிலே தொலைந்தது என்று பொருள். பெயர் வைத்தவர் இதனை எண்ணியிருக்கமாட்டார்.

இவற்றுள் வைல்ட் ஒன் ஐஸ் டேர்பியில் ஓடத் தகுதி பெற்றிருந்தது; ஆகவே அதைப் பற்றிச் சற்று எழுதினார்கள். பல குதிரைகள் பெருங்கூட்டம் இல்லாத நாட்களில், எவரும் நினைவில் வைத்திராத ஓட்டங்களில் விழுந்தவை. எங்கள் 'கொடிய நினைவு'ப் பட்டியலில் அவை இடம்பெறவில்லை. அப்பட்டியலில் இருப்பவை தோல்வியறியாதவை, முன்னணியில் வந்தவை, பின்னணிக் கதை உடையவை. அதாவது இனிய நினைவுக்குத் தகுதி பெற்றவையே கொடிய நினைவுக்கும் தகுதி பெற்றன. நாம் இரங்குவதற்குக்கூட ஒரு குதிரை முதல் வகுப்பிற் பிறந்திருக்க வேண்டியிருக்கிறது. பிரபுவின் மரணத்துக்குத் தேசம் அழுவதும் சுரங்கத்திலே புதைந்தவர்களை எண்ணிக்கையாக மட்டும் குறிப்பதும் எந்த மனப்பழக்கமோ, அதே மனப்பழக்கம் நம் நேசத்துக்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருக்கிறது. இதைக் கண்டபோது எனக்கு வெட்கமாக இருந்தது. வர்க்கபேதத்தைப் பற்றி வகுப்பிலே மணிக்கணக்காகப் பேசுபவன் நான்.

இந்தத் தரம் பிரிப்பு உணர்ச்சியோடு நின்றுவிடுவதாயின் அதைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை. ஆனால் எங்கே நம் கண் படவில்லையோ அங்கேதான் இயந்திரம் மிகக் கொடுமையாக ஓடுகிறது. அமெரிக்கப் பந்தயங்களிற் பெரும்பகுதி விலை குறித்த பந்தயங்கள். அதிலே ஓடும் ஒவ்வொரு குதிரைக்கும் முன்கூட்டியே ஒரு விலை உண்டு. ஓட்டத்துக்கு முன் அவ்விலையைக் கட்டி எவரும் அதனை வாங்கிவிடலாம். வாங்கியவன் தன் காசை விரைவில் மீட்க அதனை ஓட்டுவான். பின்னர் இன்னொருவன் வாங்குவான். ஒரே பருவத்தில் ஒரு குதிரை மூன்று நான்கு லாயங்கள் மாறலாம். முன்பட்ட காயம் எது, எந்தக் காலிலே எந்த ஊசி ஏற்றப்பட்டது என்பதெல்லாம் கைமாறும்போது முழுமையாகக் கூடவே வரும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. சந்தையிலே பண்டம் போகும். பண்டத்தின் வேதனை போகாது.

பன்னிரண்டு சாவுகளின் பின்னர், 2023 ஜூன் முதலாந் திகதி, சேர்ச்சில் டவுன்ஸ் நிர்வாகம் சில புதிய விதிகளை அறிவித்தது. அவற்றை வாசித்தால் விளங்கும். ஒரு குதிரை எட்டு வாரத்துள் நான்கு முறைக்கு மேல் ஓடலாகாது. தொடர்ந்து ஐந்து ஓட்டங்களில், வென்ற குதிரைக்குப் பன்னிரண்டு குதிரை நீளத்துக்கு மேற் பின்தங்கிய குதிரை மறு அனுமதியின்றி ஓடலாகாது. குதிரையை ஓட்டத்துக்குக் கொண்டுவந்தமைக்காகவே பயிற்றுநருக்குக் கொடுக்கப்பட்ட ஊக்கப்பணம் நிறுத்தப்படும். பரிசுப் பணம் முதல் ஐந்து இடங்களுக்கு மட்டுமே. கடைசி வரை கொடுக்கப்படமாட்டாது. தடைவிதி ஒவ்வொன்றும் ஒரு வாக்குமூலம். நேற்றுவரை நடந்ததைத்தான் இன்று தடுக்க முடியும். நேற்றுவரை கடைசியாக நொண்டி வந்த குதிரைக்கும் பணம் இருந்தது; ஆகவே நொண்டும் குதிரையையும் ஓட்டுவதிலே இலாபம் இருந்தது. குதிரைகள் நிறைந்த ஓட்டத்துக்கே பந்தயப் பணம் அதிகமாகக் குவியும். ஆகவே திடலுக்கும் அதிலே இலாபம் இருந்தது. எஞ்சிய ஓட்டங்கள் ஜூன் மாதத்தில் வேறு திடலுக்கு மாற்றப்பட்டன. செப்டெம்பரில் வெளிவந்த விசாரணை அறிக்கை, எல்லா மரணங்களுக்கும் பொதுவான ஒற்றைக் காரணம் எதுவும் இல்லை என்றது. ஒற்றைக் காரணம் இல்லை என்பது உண்மையாக இருக்கலாம். பல காரணங்கள் சேர்ந்து இழுக்கும் திசை எது என்பதை அந்த ஜூன் மாத விதிகளே காட்டிவிட்டன.

குதிரை ஓடப் பிறந்தது, ஓடுவதிலே அது மகிழ்கிறது, ஆகையால் இதில் அநீதி எங்கே என்று கேட்பவர்கள் உண்டு. நல்லெண்ணத்தோடுதான் கேட்கிறார்கள். புல்வெளியில் விடப்பட்ட குதிரை ஓடுகிறது என்பது உண்மையே. ஆனால் அங்கே அது விரும்பியபோது நிற்கவும் செய்கிறது. திடலிலே ஓட்டம் அதனுடையதாக இருக்கலாம், நிறுத்தம் அதனுடையதன்று. உழைப்பது மனிதனின் இயல்பு என்று சொல்லித் தோட்டத் தொழிலாளியின் வேலை நேரத்தை நியாயப்படுத்தியவர்களை நாம் அறிவோம். உழைப்பு இயல்புதான், அதன் அளவை யார் நிர்ணயிப்பது என்பதே அன்றும் கேள்வியாக இருந்தது.

இந்த ஒப்புமை ஓரிடத்தில் உடைந்துபோகிறது. அந்த இடமே முக்கியமானது. தொழிலாளி சங்கம் அமைத்தான், வேலைநிறுத்தம் செய்தான், தன் துன்பத்தைத் தன் வாயாற் சொன்னான். குதிரை இவற்றுள் ஒன்றையும் செய்யாது. அதன் காலை விடியுமுன் தடவிப் பார்த்து, சூடு ஏறியிருக்கிறதா என்று கைகளால் அறிகிறவர்கள் லாயத் தொழிலாளிகள். அமெரிக்கத் திடல்களில் அவர்களிற் பெருந்தொகையினர் மெக்சிக்கோவிலிருந்தும் குவாத்தமாலாவிலிருந்தும் வந்தவர்கள்; பலர் திடலின் பின்புறத்து அறைகளிலேயே உறங்கி எழுபவர்கள். நினைவுப் பட்டியல்களில் அவர்கள் பெயரும் வருவதில்லை. இத்துறைக்கு இது புதிதன்று. 1875 இல் முதலாவது கெண்டக்கி டேர்பியில் குதிரையேறிய பதினைந்து பேரில் பதின்மூவர் கறுப்பினத்தவர். ஒரு தலைமுறைக்குள் அவர்கள் ஓட்டத்திலிருந்தே துரத்தப்பட்டார்கள். வெற்றியின் புகழ் மட்டும் திடலில் தங்கியது.

விலங்குகளுக்கு நாம் நேரடியாகக் கடமைப்பட்டவர்களல்லர், அவற்றை வதைப்பவன் மனிதரையும் வதைக்கப் பழகுவான் என்பதாலேயே வதைக்கலாகாது என்றார் கான்ட். அவை சிந்திக்குமா, பேசுமா என்பதன்று, துன்புறுமா என்பதே கேள்வி என்றார் பெந்தாம். நம்மவர் இதனை வேறுவிதமாகச் சொல்லி வைத்திருக்கிறார்கள். எல்லாளன் அநுராதபுரத்தில் அரண்மனையிலே மணியொன்றைக் கட்டி வைத்தான் என்றும், மகனின் தேர்க்காலிற் கன்றை இழந்த பசு வந்து அம்மணியை அசைத்தது என்றும் மகாவம்சம் கூறும். சோழநாட்டில் மனுநீதிச் சோழனைப் பற்றியும் இதே கதை வழங்குகிறது. இரு மொழிகளும் இரு இனங்களும் பொதுவாகப் பேணிய கதை இது. கதையைப் படிக்கும் பிள்ளைகள் அரசனின் நீதியையே வியக்கிறார்கள். அப்படித்தான் நாமும் படிப்பிக்கிறோம். எனக்கு இப்போது மணிதான் பெரிதாகத் தோன்றுகிறது. பசுவுக்கு எட்டும் உயரத்திலே கயிறு தொங்கியது.

பந்தயத் திடலில் அப்படியொரு கயிறு இல்லை. ஆகையால் அங்கே பார்த்துக்கொண்டிருப்பவன் வெறும் பார்வையாளனாக இருக்க முடியாது. முறையிட வாயில்லாதவனுக்கு இழைக்கப்பட்ட தீங்கைக் கண்டவன், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், சாட்சி. சாட்சியின் நினைவு அவனுடைய சொந்த உடைமையன்று. இனித்ததை வைத்துக்கொண்டு கசந்ததை ஆண்டு முடிவிற் சொல்லி ஆற்றிக்கொள்ள அவனுக்கு உரிமை இல்லை. தெரிந்தெடுத்து நினைப்பவன் பொய்ச்சாட்சிக்கு மிக அருகிலே நிற்கிறான்.

இரசிகரின் துயரத்தால் ஒரு பயனும் விளையவில்லை என்று நான் சொன்னால் அதுவும் பொய்யாகும். 2008 டேர்பியில் இரண்டாவதாக வந்த எயிட் பெல்ஸ் என்ற பெண்குதிரை, கோட்டைத் தாண்டிய சிறிது நேரத்தில் இரு முன்னங்கால்களும் முறிந்து அங்கேயே மாண்டது. அதனால் எழுந்த கூக்குரல் அமெரிக்க நாடாளுமன்றம் வரை சென்றது. அவ்வாண்டிலே குதிரைகளின் காயங்களையும் மரணங்களையும் நாடளாவிய முறையில் பதியத் தொடங்கினர். 2009 இல் ஆயிரம் ஓட்டங்களுக்கு 2.00 ஆக இருந்த மரண வீதம் 2023 இல் 1.32 ஆகக் குறைந்தது. 2020 டிசம்பரில் நாடு முழுவதற்கும் ஒரே பாதுகாப்பு விதிகளை வகுக்கும் சட்டம் இயற்றப்பட்டது. அவ்விதிகளுக்கு உட்பட்ட திடல்களில் 2024 இல் அவ்வீதம் 0.90. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதே மரணங்களை விதி என்றார்கள். பதிவேட்டைத் திறந்து பார்த்ததும் விதி பாதியாகக் குறைந்துவிட்டது. அப்படியாயின் அதற்குமுன் செத்தவற்றுள் எத்தனை, பார்த்திருந்தால் செத்திராதவை?

அந்தக் கணக்கிலும் ஓட்டை உண்டு. ஆயிரத்துக்கு இத்தனை என்னும் அவ்வீதம் பந்தயத்திலோ, பந்தயம் முடிந்து மூன்று நாட்களுக்குள்ளோ இறந்தவற்றை மட்டுமே கொள்வது. காலைப் பயிற்சியில் இறப்பவை அதிலே சேரா. கோடிஸ் விஷ் வென்று நாமெல்லாம் உருகிய அதே வாரத்தில், அதே சாந்த அனிற்றா திடலில், பெரும்பரிசு ஓட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்ட பிராக்டிக்கல் மூவ் பயிற்சியிலே இருதயம் நின்று சரிந்தது. ஜோ ரொக்கெட் ரைட் பயிற்சியிற் கால் முறிந்து, சத்திரசிகிச்சையின் பின்னும் பிழைக்காது போனது. நான் அந்த மூக்கு நுனி வெற்றியைப் பார்த்துக் கண்கலங்கியபோது இவ்விரண்டையும் அறிந்தே இருந்தேன். அறிந்தும் அந்த இரண்டு நிமிடங்களில் மறந்திருந்தேன். மறக்கச் செய்வதே அதன் கவர்ச்சி என்றுகூட எனக்குத் தோன்றுகிறது.

அப்படியாயின் இதனை ஒழித்துவிட வேண்டும் என்கிறாயா என்று நண்பர் ஒருவர் கேட்டார். என்னால் அவ்வளவு எளிதாகச் சொல்ல இயலவில்லை. ஒழிப்பு என்பது அக்குதிரைகளோடு வாழ்ந்து அவற்றால் வயிறு வளர்க்கும் ஆயிரக்கணக்கான ஏழைகளையும் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி. கடலுக்கப்பால் இருந்துகொண்டு ஒரு வரியிற் தீர்ப்பளிப்பது சுகமான வேலை. அதே வேளை, குறைந்துவரும் வீதத்தைக் காட்டி மனத்தைத் தேற்றிக்கொள்ளவும் நான் ஆயத்தமில்லை. 0.90 என்பது பூச்சியமன்று. என் மகிழ்ச்சியின் விலையாக ஆயிரம் ஓட்டங்களுக்கு எத்தனை சாவை நான் ஏற்றுக்கொள்வேன் என்று என்னையே கேட்டுக்கொண்டால், வாய்விட்டுச் சொல்லத்தக்க எண் எதுவும் என்னிடம் இல்லை. இல்லாதிருந்தும் அடுத்த ஆண்டும் பார்த்தேன். 2024 மே மாதத்தில் 150 ஆவது டேர்பியில் மூன்று குதிரைகள் ஏறக்குறைய ஒன்றாகக் கோட்டைத் தாண்டின. நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன். நண்பர் இதைக் கேட்டுச் சிரித்தார். சிரிக்கத்தக்கதுதான்.

அந்தப் பன்னிரண்டு பெயர்களையும் வகுப்பிற்குக் கொண்டுபோய் அந்த மாணவனிடம் கொடுத்தேன். அவன் வாசித்துவிட்டு, "கடைசிப் பேருக்கு என்ன நடந்தது, சேர்?" என்றான். கிம்பர்லி ட்ரீம், ஏழு வயதுப் பெண்குதிரை. டேர்பி முடிந்து மூன்று வாரம் கழித்து, மே 27 ஆந் திகதி சனிக்கிழமை, அன்றைய முதலாவது ஓட்டத்தில் விழுந்தது. மக்கள் அப்போதுதான் வரத் தொடங்கியிருப்பார்கள். அந்த ஓட்டத்தை வென்றது எது என்று அவன் கேட்கவில்லை. நானும் தேடிப் பார்க்கவில்லை.